'வேற லெவல்' என்றால் எந்த லெவல்? ரசிகர் ஆய்வு: வாசகர் கேள்வி பதில்

சினிமா ரசிகர்கள், கொரியத் தொடர், யூடியூப், மீம் ஆகியவற்றை ஆய்வாக எடுத்துச் செய்ய நினைக்கும் நெல்லைப் பக்கத்து வாசகர்களின் கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

முதுகலை மாணவர், பாளையங்கோட்டை: ரசிகர் மன்றங்களைப் பற்றி ஆய்வேடு எழுதப் போகிறேன் என்றால், "போஸ்டர் ஒட்டுறவனப் பத்தி எழுதுறதுக்கு என்னல இருக்கு?" என்று வீட்டில் கேட்கிறார்கள். துறையிலோ தலைப்பு ரொம்ப அகலம் என்கிறார்கள். எப்படிச் சுருக்குவது?

போஸ்டர் ஒட்டுகிறவரைப் பற்றித்தான் எழுத வேண்டும். நடிகரைப் பற்றி எழுதினால் அது சினிமா ஆய்வு. ரசிகர் என்ன செய்கிறார், எதற்குச் செலவழிக்கிறார், யாரோடு சேர்கிறார், யாரோடு முட்டிக்கொள்கிறார் என்று பார்ப்பதுதான் ரசிகர் ஆய்வு. வீட்டில் கேட்டால் சொல்லுங்கள்: மதுரையின் எளிய மக்கள் சினிமா பார்ப்பதையும் மன்றம் நடத்துவதையும் வைத்து சாரா டிக்கி 1993இல் ஒரு முழு நூலே எழுதினார். எம்.ஜி.ஆர். பிம்பத்தை எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992இல் அலசினார். சிரஞ்சீவி ரசிகர்களைப் பற்றி எஸ்.வி. ஸ்ரீநிவாஸும், தமிழ் ரசிகர்களின் பேனர், படங்கள் பற்றி ரூஸ் கெரிட்சனும் எழுதியிருக்கிறார்கள்.

துறையில் முதலில் கையில் கொடுப்பது பெரும்பாலும் அமெரிக்க ஊடக ஆய்வாளர் ஹென்றி ஜென்கின்ஸின் நூலைத்தான். அதுவும் 1992தான். தொலைக்காட்சித் தொடரை எடுத்துத் தன் இஷ்டத்துக்குக் கதை வளர்க்கும் அமெரிக்க ரசிகர்களை, அடுத்தவர் காட்டில் வேட்டையாடுகிறவர்கள் என்றார். அவர் பார்த்தவர்களில் பெண்கள் அதிகம். வீட்டுக்குள் உட்கார்ந்து எழுதியவர்கள். நம் மன்றத்துக்காரர் நடுத்தெருவில் நிற்கிறார், தேர்தலுக்கும் போகிறார். அந்தக் கோட்பாட்டை அப்படியே தூக்கி இங்கே வைத்தால் பொருந்தாது. எங்கே பொருந்தவில்லை என்று காட்டுவதே உங்கள் ஆய்வேட்டின் நல்ல அத்தியாயமாக அமையலாம்.

தலைப்புக்கு ஒரு இடம், ஒரு செயல், ஒரு காலம் போதும். 'தமிழ் ரசிகர் பண்பாடு' என்று வைத்தால் கரை காண முடியாது. 'ஒரு பெரிய படம் வெளியாகும் வாரத்தில் நெல்லை வண்ணாரப்பேட்டை முதல் ஜங்ஷன் வரை நிற்கும் ஃபிளக்ஸ்கள்' என்றால் ஆறு மாதத்தில் முடியும். ஒரே ஒரு ஃபிளக்ஸை எடுத்து வாசித்துப் பாருங்கள். நடுவில் நாயகன். மேல் மூலையில் மாவட்டப் பொறுப்பாளர். அடியில் பாஸ்போர்ட் அளவில் வரிசையாக இருபது முகங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பட்டப்பெயர். யார் முகம் பெரிது, யார் இடது ஓரம், யார் கறுப்புக் கண்ணாடி, எந்த ஊர்ப் பெயர் முதலில் வருகிறது: மன்றத்தின் படிநிலை முழுக்க அந்த அடிவரிசையில் இருக்கிறது. பிறகு அச்சடித்த கடைக்குப் போய்ச் சதுர அடி என்ன விலை, பணம் யார் கொடுத்தது என்று கேளுங்கள். கோயில் கொடைக்கு வரி பிரிப்பது மாதிரி தலைக்கு இவ்வளவு என்று பிரித்தார்களா, ஒருவரே போட்டாரா என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

இதில் வழக்கமாக நடக்கும் தவறு, வெளியீட்டு நாளன்று கேமராவோடு போவது. அதற்குள் பாதி கிழிந்திருக்கும், மீதியை அகற்றியிருப்பார்கள். மூன்று நாள் முன்பே தொடங்கி, அதே இடங்களைக் காலையும் மாலையும் எடுங்கள். முழு ஃபிளக்ஸ் ஒரு படம், அடிவரிசை கிட்டத்தில் ஒரு படம், சுற்றியுள்ள தெருவோடு ஒரு படம்.

கல்லூரி மாணவி, வள்ளியூர்: கொரியப் பாட்டு, கொரியத் தொடர் ரசிகைகளைப் பற்றி நம்ம ஊரில் இருந்துகொண்டு ஆய்வு செய்ய முடியுமா? சியோலுக்குப் போகாமல் ஒப்புக்கொள்வார்களா?

ஒப்புக்கொள்வார்கள். ரசிகர் எங்கே இருக்கிறாரோ அங்கேதான் களம். எல்லை கடந்த ரசிகர்களைப் பற்றி பெர்த்தா சின், லோரி மொரிமோட்டோ இருவரும் 2013இல் எழுதிய கட்டுரையை முதலில் படியுங்கள். ஒருவர் வேறு நாட்டுப் படைப்பின் மேல் பிரியம் வைப்பதற்குத் தேசம், பண்பாடு என்ற பெரிய காரணங்களையே தேடாதீர்கள். கதையோடும் பாத்திரத்தோடும் ஏற்படும் ஒட்டுதலையும் பாருங்கள் என்பது அவர்கள் வாதம்.

'ஊரடங்கில்தான் எல்லோரும் கொரியத் தொடர் பார்க்கத் தொடங்கினார்கள்' என்று ஆரம்பிக்க வேண்டாம். அதற்குப் பல ஆண்டுகள் முன்பே புதுயுகம் தொலைக்காட்சி கொரியத் தொடர்களைத் தமிழ்க் குரலில் ஒளிபரப்பியது. அதைப் பார்த்துவிட்டு இன்றைக்கு ஓடிடியில் கொரிய மொழியிலேயே பார்க்கும் அக்காவையும், பி.டி.எஸ். பாட்டுக்குழு வழியாக நேரே உள்ளே வந்த தங்கச்சியையும் ஒரே வீட்டில் பேட்டி எடுக்க முடிந்தால், அது வேறு யாரிடமும் இல்லாத சரக்கு.

12 முதல் 15 பேட்டிகள் போதும், ஒவ்வொன்றும் முக்கால் மணி நேரம். 'உங்களுக்கு ஏன் பிடிக்கும்?' என்று கேட்டால் பாடப்புத்தகப் பதில்தான் வரும். 'நேற்று ராத்திரி போனைக் கையில் எடுத்ததும் முதலில் எதைத் திறந்தீங்க?' என்று கேளுங்கள். அவர்கள் இசைந்தால், இன்ஸ்டாகிராமிலோ கேலரியிலோ அவர்களே பின்னோக்கி உருட்டிக்கொண்டு பேசட்டும். முகநூலை வைத்து ராபார்ட்ஸும் லிங்கனும் 2017இல் எழுதிக் காட்டிய முறை இது. மறந்துபோன பழைய பயாஸ் (குழுவில் அவர்களுக்கு மிகப் பிடித்தவர்) யார், எந்த மாதம் மாறினார் என்பதெல்லாம் தானாக வெளியே வரும்.

ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தாக்க ஐந்தாறு மணி நேரம் பிடிக்கும். 'அவிய வந்தாவ' என்று சொன்னதை 'அவர்கள் வந்தார்கள்' என்று திருத்தி எழுதாதீர்கள். அம்மாவைப் பற்றிப் பேசும்போது 'அவிய', பாடகரைப் பற்றிப் பேசும்போது 'அவன்' என்று மாறுகிற இடத்தில்தான் நெருக்கம் தெரிகிறது. எழுத்துத் தமிழாக்கினால் அது அழிந்துவிடும்.

ஆய்வு மாணவர், அம்பாசமுத்திரம்: ஒரு ட்ரெய்லரின் கீழே 40,000 கருத்துகள் இருக்கின்றன. கோடிங் தெரியாது. எப்படி இறக்குவது? இறக்கினவர்களும் எழுத்தெல்லாம் குப்பையாகத் தெரிகிறது என்கிறார்கள்.

ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்து பெர்ன்ஹார்ட் ரீடர் உருவாக்கிய 'யூடியூப் டேட்டா டூல்ஸ்' என்ற இலவசத் தளம் இருக்கிறது. காணொளி முகவரியில் உள்ள 11 எழுத்து அடையாளத்தைக் கொடுத்தால், கருத்துகள் அட்டவணைக் கோப்பாக வந்துவிடும். கோடிங் தெரிந்த நண்பர் இருந்தால் யூடியூப் ஏபிஐயை (நிரல் எழுதித் தரவு கேட்டு வாங்கும் வாசல்) நேரடியாகவே கேட்கலாம். நாளொன்றுக்கு வரம்பாக 10,000 அலகு தருவார்கள். ஒரு பக்கத்தில் 100 கருத்துகள், பக்கத்துக்கு ஓர் அலகு. ஆகவே கருத்துகளை எடுப்பது மலிவு. பெயர் போட்டுக் காணொளியைத் தேடுவதுதான் விலை, தேடலுக்கு 100 அலகு. தீர்ந்துபோனால் பதறாதீர்கள். அமெரிக்க மேற்குக் கரை நள்ளிரவில் கணக்கு புதுப்பிக்கப்படும். நமக்கு அது பகல் பன்னிரண்டரை, குளிர்காலத்தில் ஒன்றரை.

இனி, தவறு நடக்கும் இடங்கள். கருத்துகளுக்கு வரும் பதில்கள் முதல் சுற்றில் முழுதாக வராது, அவற்றைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். ரசிகர் சண்டை அந்தப் பதில்களில்தான் நடக்கிறது என்பதால், விட்டுவிட்டால் ஊரே சமாதானமாக இருப்பது போலத் தோன்றும். நேரம் உலக நேரத்தில் பதிவாகியிருக்கும், ஐந்தரை மணி நேரம் கூட்டுங்கள். கூட்டாவிட்டால், வெளியீட்டு நாள் அதிகாலை 2 மணிக்கு எழுதிய கருத்து முந்தைய நாள் இரவு 8:30 என்று நிற்கும். படம் வரும் முன்பே விமர்சனம் எழுதியதாக நீங்கள் முடிவு கட்டுவீர்கள்.

குப்பையாகத் தெரிவது கோப்பின் குற்றமல்ல. எக்செல்லில் இரட்டைச் சொடுக்கில் திறப்பதால் வருவது. 'டேட்டா' பகுதிக்குப் போய் உரைக் கோப்பிலிருந்து இறக்குமதி செய்து, எழுத்துக் குறியாக்கத்துக்கு யுடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுங்கள். அதோடு, 'கொ' என்ற எழுத்தை யுனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: 'ொ' என்ற ஒரே குறியாகவோ, 'ெ', 'ா' என்ற இரண்டு குறிகளாகவோ. கண்ணுக்கு ஒன்றுபோல இருக்கும், தேடினால் ஒன்று கிடைக்கும், மற்றது கிடைக்காது. எண்ணுவதற்கு முன்பு கோப்பு முழுவதையும், இரண்டு குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றுங்கள்.

அடுத்தது ஆங்கில எழுத்தில் எழுதும் தமிழ். 'ழ'வுக்கு ஒருவர் இசட்-எச் போடுவார், ஒருவர் வெறும் எல். 'வேற லெவல்' சிலருக்கு இரண்டு சொல், சிலருக்கு ஒரே சொல், அவசரக்காரருக்கு உயிரெழுத்தே இல்லை. முதல் 500 கருத்துகளைக் கையால் படித்து, ஒவ்வொரு சொல்லுக்கும் எத்தனை எழுத்துவடிவம் என்று பட்டியல் போட்ட பிறகே எண்ணத் தொடங்குங்கள். ஒரே வரியை நூறு பேர் ஒட்டியிருந்தால் நகல் என்று அழித்துவிடாதீர்கள். அட்டவணையின் ஓரமாக ஒரு நெடுவரிசை சேர்த்து எத்தனை முறை என்று குறியுங்கள். அந்த ஒட்டுதல்தான் ரசிகர் உழைப்பு.

40,000 கருத்துகளையும் படிக்க வேண்டியதில்லை. முதல் 24 மணி நேரம், முதல் வாரம், அதற்குப் பிறகு என்று மூன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் குலுக்கல் முறையில் 150 எடுங்கள். அதிக லைக் வாங்கியவற்றைத் தனிக் கட்டாக வையுங்கள், குலுக்கலோடு கலக்கக் கூடாது.

உதவிப் பேராசிரியர், நெல்லை டவுன்: கருத்துகளின் உணர்ச்சியைக் கணினியே பிரித்துத் தந்துவிடும் என்கிறார்களே, நம்பலாமா?

பாதி நம்பலாம். தமிழும் ஆங்கிலமும் கலந்த யூடியூப் கருத்துகள் 15,744ஐ மனிதர்களே பிரித்துக் குறித்த தொகுப்பு 2020இல் வெளியானது. அதன் மேல் பயிற்சி பெற்ற கருவிகள் உண்டு. 'சூப்பர்', 'மொக்கை' என்ற அளவில் அவை தேறும். கிண்டலில் விழுந்துவிடும். 'கொன்னுட்டான்' பாராட்டு. 'வச்சு செஞ்சுட்டான்' பாராட்டாகவும் இருக்கலாம், படத்தைப் பார்த்தவரின் புலம்பலாகவும் இருக்கலாம். 'ஆஸ்கர அனுப்பி வைங்கடே' என்றால் யாரும் ஆஸ்கர் அனுப்பப் போவதில்லை. 'அணில்', 'ஆமை', 'உருட்டு', 'முட்டு', 'கதறல்' எல்லாம் ரசிகர் போரின் ஆயுதங்கள். கணினி அவற்றை விலங்கியல் என்று நினைத்தால் அதைக் குறை சொல்ல முடியாது.

நம் ஊருக்கென்றே ஒரு சிக்கல்: 'படம் நல்லாருக்குல.' சென்னைக்காரர் இதை 'நன்றாக இருக்கிறது இல்லையா?' என்று கேட்பதாகப் படிப்பார். நெல்லைக்காரர் 'ஏலே, நல்லா இருக்குடா' என்று கூட்டாளியிடம் அடித்துச் சொல்கிறார். கருவிக்கோ அந்த 'ல' வேற்றுமை உருபா, 'இல்லை'யின் வாலா என்று குழப்பம். ஒரே எழுத்தில் கேள்வி, உறுதி, மறுப்பு மூன்றும். இதைப் பிரிக்க, அந்தப் பேச்சு காதில் விழுந்து வளர்ந்த ஒருவராவது குழுவில் இருக்க வேண்டும்.

எனவே கையால் பிரியுங்கள், இரண்டு பேராக, ஒருவர் குறித்ததை மற்றவர் பார்க்காமல். பிறகு ஒத்துப்போனதை வெறும் சதவீதமாகச் சொல்லாதீர்கள். ஒரு கணக்கு: 100 கருத்துகளில் இருவருமே கிண்டல் என்றது 12, இருவருமே கிண்டல் இல்லை என்றது 72, மீதி 16இல் முரண். 84 சதவீதம் என்று சந்தோஷமாக இருக்கும். ஆனால் இருவரும் ஆளுக்கு 20 கருத்துகளைத்தான் கிண்டல் என்றிருக்கிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு குறித்திருந்தாலே 0.2 × 0.2 + 0.8 × 0.8 = 0.68 பொருந்தியிருக்கும். தற்செயலாகப் பொருந்துவதைக் கழித்துப் பார்க்கும் அளவை கோஹனின் கப்பா: (0.84 – 0.68) ÷ (1 – 0.68) = 0.5. இது போதாது. ஆய்வுமுறை அறிஞர் கிரிப்பென்டார்ஃப் இதே மாதிரியான தன் அளவைக்கு 0.8 கேட்பார், 0.667க்குக் கீழே முடிவே சொல்லாதே என்பார்.

குறைவாக வந்தால் கருத்துகளை மாற்றாதீர்கள், விதியை மாற்றுங்கள். முரண்பட்ட 16ஐயும் எடுத்து உட்கார்ந்து பேசி, 'பட்டப்பெயர் வந்தால் எழுதியவர் எந்த அணி என்று முதலில் பார்' என்பது போல எழுத்தில் விதி வகுத்து, புதிய 100இல் மறுபடி பாருங்கள். பழைய 100இலேயே சரிபார்ப்பது, விடை தெரிந்த தேர்வை எழுதுவது போல.

ஆசிரியை, களக்காடு: ரசிகர்களின் வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறேன். அங்கே வருவதையும், பள்ளிப் பிள்ளைகள் போடும் ரீல்ஸையும் கட்டுரையில் பயன்படுத்தலாமா?

வாட்ஸ்அப் குழு மூடிய அறை. உறுப்பினராக இருப்பதால் எடுத்து எழுதும் உரிமை வந்துவிடாது. அட்மின் 'சரி' என்றால் அது அட்மினின் சம்மதம் மட்டுமே. குழுவில் நீங்கள் யார், எதற்கு, எந்தத் தேதியிலிருந்து என்று அறிவித்துவிட்டு, மேற்கோள் காட்ட வேண்டியவரிடம் தனியாகக் கேளுங்கள். அறிவிப்புக்கு முந்தைய செய்திகளைத் தொடாதீர்கள்.

பிள்ளைகள் விஷயத்தில், 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாத எல்லோரையும் குழந்தை என்கிறது. இன்ஸ்டாகிராம் 13 வயதிலேயே சேர்த்துக்கொள்ளும். அதனால் ப்ரொஃபைலைப் பார்த்து வயதை ஊகிக்க வழியில்லை. நீங்கள் ஆசிரியையும்கூட. உங்கள் பள்ளி மாணவரிடம் நீங்கள் கேட்கும் சம்மதம் சம்மதமே ஆகாது, உங்களிடம் அவரால் மாட்டேன் என்று சொல்ல முடியாது. வேறு பள்ளி, பெற்றோரின் எழுத்துச் சம்மதம், பிள்ளையின் சம்மதம், துறையின் நெறிமுறைக் குழு ஒப்புதல்: இந்த நான்கும் இல்லாமல் வேண்டாம்.

நம் பக்கத்தில் இன்னொரு கனமான விஷயம். சினிமாப் பாட்டை எடுத்து ஊர்ப்பெருமை, சாதிப்பெருமை எடிட்டுகளாக்குவது இங்கே சாதாரணம். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் மாணவர் மேல் நடந்த தாக்குதலுக்குப் பின் அமைந்த நீதிபதி சந்துரு குழு, மாணவர்கள் கையில் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு கட்டுவதையே தடுக்கச் சொன்னது. அப்படியிருக்க, ஒரு ரீல்ஸின் திரைப்பிடிப்பில் கையிலுள்ள கயிறும் பின்னால் உள்ள ஊர்ப் பலகையும் தெரிந்தால், முகத்தை மறைத்தும் பயனில்லை. படமே போடாமல் வார்த்தையால் விவரியுங்கள். ஊருக்குப் பதில் 'மாவட்டத்தின் தென்பகுதி' போதும்.

பொதுவெளிக் கருத்தை அப்படியே எடுத்துப் போட்டாலும் தேடுபொறியில் இட்டு ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். ஆங்கில எழுத்தில் உள்ளதைத் தமிழ் எழுத்துக்கு மாற்றினாலே தேடல் பெரும்பாலும் தடுக்கி விழும். கூடவே ஒன்றிரண்டு சொற்களை மாற்றி, மாற்றியிருப்பதாகக் கட்டுரையில் சொல்லிவிடுங்கள்.

வாசகர், மேலப்பாளையம்: வாப்பா சேர்த்துவைத்த பழைய சினிமா நோட்டீஸ், பாட்டுப் புத்தகங்கள், மன்ற ரசீதுகள் ஒரு தகரப் பெட்டி நிறைய இருக்கின்றன. ஆய்வுக்கு ஆகுமா? லேமினேட் செய்துவிடவா?

செய்யாதீர்கள்! சூடுபட்ட பிளாஸ்டிக்கும் பசையும் தாளோடு ஒன்றிவிடும், பிறகு பிரிக்க வழியே இல்லை. செலோடேப்பும் கூடாது, சில வருஷத்தில் மஞ்சள் தழும்பு விழும். துருப்பிடித்த ஸ்டேப்பிள் பின்னை மெல்ல எடுத்துவிட்டு, அமிலமில்லாத தாளில் பொதிந்து, தரையிலிருந்து உயரத்தில், வெளிச்சுவரை ஒட்டாமல் வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தகரப் பெட்டிக்குள் ஈரம் வியர்க்கும்.

எடுக்கும்போது பெட்டிக்குள் இருந்த வரிசை கலையாமல் எண் போட்டுக்கொண்டே போங்கள். எது எதோடு இருந்தது என்பதும் தகவல்தான். ஸ்கேனரில் 300 டிபிஐ குறைந்தபட்சம், சிறிய ரசீதுக்கு 600. பின்பக்கத்தையும் எடுங்கள், பால் கணக்கோ சீட்டுக் கணக்கோ எழுதியிருந்தால் இன்னும் நல்லது. நோட்டீஸின் அடியில் பொடி எழுத்தில் அச்சகத்தின் பெயரும் ஊரும் இருக்கும், பலர் அதை வெட்டிவிட்டு ஸ்கேன் செய்கிறார்கள். ஆண்டு அச்சிடாத தாளுக்குக் காலம் கணிக்க அந்த வரிதான் துணை. நாளும் கிழமையும் இருந்தால் பஞ்சாங்கம் பார்த்து ஆண்டை நெருங்கலாம்.

மன்ற ரசீதுகள் நோட்டீஸைவிட அரியவை. யார் எவ்வளவு கொடுத்தார் என்று அதில் இருக்கிறது. பெட்டியைக் கொடுத்துவிட நினைத்தால், சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் சினிமாத் தாள்களைப் பாதுகாக்கும் இடம். உள்ளூரில் தூய சவேரியார் கல்லூரி நாட்டார் வழக்காற்றியல் துறையில் யோசனை கேளுங்கள். டிக்டாக்கில் நம் பிள்ளைகள் ஆடியதெல்லாம் 2020 ஜூன் 29 தடையோடு இங்கே கண்ணில் படாமல் போய்விட்டது. வாப்பாவின் தகரப் பெட்டி கெட்டிக்காரப் பெட்டி.

ஆய்வு மாணவி, தென்காசி: கட்டுரையை மூன்று நாளில் 'சர்வதேச இதழில்' வெளியிடப் பணம் கேட்கிறார்கள். கட்டலாமா?

வேண்டாம். கட்டுரையைப் படித்துத் திருத்தம் சொல்ல யாருக்கும் மூன்று நாள் போதாது, படிக்கவே மாட்டார்கள் என்று அர்த்தம். பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) ஏற்கத்தக்க ஆய்விதழ்களின் 'கேர்' பட்டியலை 2025இல் கைவிட்டுவிட்டதால், 'பட்டியலில் இருக்கிறோம்' என்ற விளம்பரத்துக்கும் இனி மதிப்பில்லை. ரசிகர் ஆய்வுக்கென்றே 2008 முதல் வரும் 'டிரான்ஸ்ஃபர்மேட்டிவ் வொர்க்ஸ் அண்ட் கல்ச்சர்ஸ்' இதழை யாரும் இலவசமாகப் படிக்கலாம், எழுதுகிறவரிடமும் பணம் வாங்குவதில்லை. தெற்காசியத் திரை ஆய்வுக்கு 'பயாஸ்கோப்' இருக்கிறது. அனுப்பும் முன்பு அந்த இதழின் கடைசி இரண்டு ஆண்டுக் கட்டுரைத் தலைப்புகளையாவது பார்த்துவிடுங்கள். இந்திய ஆய்வேடுகளைச் சேர்த்துவைக்கும் ஷோத்கங்கா தளத்தில் உங்கள் தலைப்பில் ஏற்கெனவே ஆய்வேடு கிடக்கிறதா என்றும் தேடுங்கள். திருத்தம் கேட்டுத் திருப்பி அனுப்பினால் நல்ல சகுனம். அந்தக் குறிப்புகளுக்கு வரிசையாக, ஒவ்வொன்றுக்கும் எந்தப் பக்கத்தில் என்ன மாற்றினீர்கள் என்று தனித் தாளில் பதில் எழுதி அனுப்புங்கள்.